நூற்றுக்கு மூன்று கழுதை குறைவு

பேசாலைக் கிராமத்து அருளம்மாவின் பிறந்தநாளன்று, அவளுக்கு எத்தனை வயதோ அத்தனை கழுதைகள் வாசலுக்கு வரும். காலை ஆறு மணிக்கு வந்து வேலியோரம் வரிசையாக நின்று, ஏழு மணிக்குப் போய்விடும். இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்கு முன்னாலும் வந்து நின்றன. கழுதையே இல்லாத ஊருக்கு அவை எப்படி வந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை; அப்போது கேட்பதற்கு வேறு பெரிய கேள்விகள் இருந்தன. வயதுக்கு ஒன்று என்று ஊரார் சொல்வார்களே தவிர, எண்ணியதில்லை. அருளம்மா மட்டும் ஆண்டுதோறும் எண்ணினாள். அதனால்தான் இந்த முறை எத்தனை வரும் என்று அவளுக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

நூறாவது பிறந்தநாள் என்று பிள்ளைகள் ஐந்து பேரும் நாலு நாடுகளிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். பிறப்புப் பத்திரம் நூறு என்றுதான் சொன்னது. ஆனால் அந்தப் பத்திரம் அவளுடைய அக்காவுடையது. மூன்று வயது நிறைந்த அன்று காலையில் அக்கா காய்ச்சலில் போனாள். அன்று பின்னேரமே இவள் பிறந்தாள். செத்த பிள்ளையின் பெயரையே இவளுக்கும் வைத்தார்கள். பெயர்தான் ஏற்கெனவே பதிந்து கிடக்கிறதே, இன்னொரு தடவை ஏன் பதிவுக் கந்தோருக்கு அலைவான் என்று அப்பா கடலுக்குப் போய்விட்டார். ஆக, அருளம்மாவுக்குத் தொண்ணூற்றேழுதான். அதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. சண்டையில் சிதறிய பிறகு ஐந்து பேரும் ஒரு கூரைக்குக் கீழே நின்றதில்லை. இருதய வருத்தக்காரனான மூத்தவன் கொலின்ஸை இன்னும் மூன்று வருடம் பொறுக்கச் சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆனால் அவன் கணக்கு வாத்தியாராக இருந்தவன். படியேறினால் படியை எண்ணுகிறவன்.

பிறந்தநாளுக்கு முதல்நாள் ஆட்டு வியாபாரி சரிபுதீனைக் கூப்பிட்டு, ஒரு மணித்தியாலத்துக்கு மூன்று கழுதை இரவல் கேட்டாள். அவரும் ஏன் எதற்கு என்று கேளாமல் விடியுமுன்னே கொண்டுவந்து வேலியில் கட்டினார். ஆறு மணிக்கு வந்த தொண்ணூற்றேழும் முதல் வேலையாக அந்த மூன்றையும் கடித்து விரட்டின. அவை வேலியில் பாதியை இழுத்துக்கொண்டு ஓட, சரிபுதீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

கொலின்ஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு இரண்டு தரம் எண்ணினான்.

"அம்மா, மூண்டு குறையுதே."

அருளம்மாவுக்கு இனி ஒளிக்க வழியில்லை.

"அது செத்துப்போன அக்கான்ர பத்திரம், தம்பி. எனக்குத் தொண்ணூற்றேழுதான். உங்களை ஒண்டாப் பாக்கோணும் எண்டு வாயை மூடிக்கொண்டிருந்தனான்."

 கொலின்ஸ் வாயைத் திறக்குமுன் அக்காவைப் புதைத்த சேமக்காலைப் பக்கத்திலிருந்து மூன்று குட்டிக் கழுதைகள் வந்தன. முழங்கால் உயரம்தான் இருக்கும், தாய் இல்லை. வேலி பிடுங்குப்பட்ட இடைவெளியில் வந்து வரிசையை முடித்தன.

"இப்ப சரி," என்றான் கொலின்ஸ்.

தான் கண்டேயிராத அக்காவை நினைத்து அருளம்மா அன்றுதான் முதன்முதலாக அழுதாள். ஏழு மணிக்குத் தொண்ணூற்றேழும் போயின, குட்டிகள் போகவில்லை. கொலின்ஸ் பயணத்தைத் தள்ளிப்போட்டு அவற்றுக்குப் போத்தலில் பால் பருக்குகிறான். விடியக் கண் முழித்ததும் வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி, பெரியம்மாவுக்குப் பால் கொடுத்தாயிற்றா என்பதுதான்.