வள்ளலுக்குப் பின்னால் சூரியன்

கட்டாத வீட்டைக் கட்டினது போலவே படம் காட்டுவதுதான் பாளையங்கோட்டை ஜெசிக்குப் பிழைப்பு. முக்கூடல் சாலையில் ஆவுடைநாயகம் அண்ணாச்சி எழுப்பப்போகும் இரண்டு மாடி வீடுகளில் காலை வெயில் விழும் அழகை, மாலை நாலு மணி அறிமுக விழாவில் அவள் காட்டியாக வேண்டும். தவறினால் ஆர்டர் சென்னைக் கம்பெனிக்கு. மணி பதினொன்று. கம்ப்யூட்டரோ இன்னும் ஒன்பது மணி நேரம் என்றது.

வேலை அப்படி. சுவரின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சூரியன் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். குறுக்கே மரமா, தண்ணீர்த்தொட்டியா, பக்கத்து மாடியா? எது மறைத்தாலும் நிழல். கோடிப் புள்ளி, கோடி விசாரணை.

ஜெசி ஒரு குறுக்குவழி எழுதினாள். முந்தின புள்ளிக்கு எது மறைத்ததோ, அடுத்ததற்கும் முதலில் அதையே சந்தேகப்படு. கோயில் வாசலில் செருப்பு காணோமென்றால், போன தடவை எடுத்தவன் வீட்டுக்கு முதலில் போகிற மாதிரி.

நாற்பதே நிமிடத்தில் படம் வந்தது. இவ்வளவு வேகமா? அவளுக்கே சந்தேகம். மறைத்தவர் பட்டியலைத் திறந்தால் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே ஆள்: கிழக்கு வாசலில் அண்ணாச்சி வைக்கச் சொன்ன வளைவு. அடியில் பெயர், அதன்மேல் 'கல்வித்தந்தை', உச்சியில் 'வள்ளல்'. வருகிற தடவையெல்லாம் ஒரு பட்டப் பலகை ஏற்றிவிட்டுப் போயிருந்தார். வீடு மொத்தமும் இருட்டு.

அண்ணாச்சி தன் மனைவி கோமுவோடு ஜெசியிடம் வந்து இறங்கினார்.

"உங்க வளைவாலதான் வேல சீக்கிரம் முடிஞ்சிது அண்ணாச்சி."

"கேட்டியா கோமு! எம்பேரச் சொன்னா மிசினே ஓடுதுல்லா!"

கோமு படத்தைப் பார்த்தாள். "ஓடுது, ஓடுது. காலங்காத்தால சாமி கும்பிட இங்கன டார்ச்சு லைட்டு வேணும் போலுக்கே. எவன் வாங்குவான்?"

அண்ணாச்சி ஜெசியிடம் குனிந்தார். "ஏம்மா, வளைவு இருக்கட்டும். நெழல மட்டும் பைய அழிச்சிரு."

"அழிச்சா படத்துல வெயில் வரும், வீட்டுல வராது. குடிவந்தவங்க உங்களத்தான் தேடி வருவாங்க."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, வள்ளல எடு."

எடுத்துவிட்டு, மாறிய இடத்தை மட்டும் மறுபடி ஓட்டினாள். மேல் மாடி விடிந்தது. கல்வித்தந்தை போனதும் நடு மாடி. கீழ்வீடு மட்டும் கருத்துக் கிடந்தது.

"பேரத் தொடாத. கீழ்வீடு மச்சினனுக்குத்தான்."

"ஏன், எந்தம்பி இருட்டுல கெடக்கணுமோ?" கோமு ஜெசி பக்கம் திரும்பினாள். "ஏட்டி, எடு."

நாலு மணிக்குத் திரையில் வெறும் இரண்டு தூண், வீடெல்லாம் வெயில். கூட்டம் கைதட்ட, ஆர்டர் ஜெசிக்கே என்று தலையாட்டிய அண்ணாச்சி, மைக் பிடித்திருந்தவரிடம் குனிந்தார்.

"வளைவுலதான் போச்சு வே. பட்டத்தையெல்லாம் நீரு மைக்குல சத்தமா சொல்லும். அதுக்கு நெழல் விழாதுல்லா?"