குளிரறைக்குப் போகாத ஹொஸ்டா

1

இந்தக் கதை பிறந்தது ஒரு கோழிக்கடையில். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் முதலில் இப்படித் தொடங்கினேன்:

ரிவர்ஸ்டன் முகட்டில் மூடுபனி கலைந்தபோது, யுகங்களின் மௌனத்தைச் சுமந்த ஒரு பச்சை இலை

வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். யுகங்களின் மௌனத்தை ஓர் இலை எந்தப் பக்கமாகச் சுமக்கும் என்று எனக்கே பிடிபடவில்லை. உண்மையில் நான் மாத்தளை டவுனில் கோழி வாங்கப் போனேன். கடைக்காரர் ஸுஹைல் குளிரறைக் கதவைத் திறந்தார். உரித்த கோழிகளுக்கும் சொசேஜஸ் பைகளுக்கும் நடுவே, மண் நிரப்பிய சட்டிகள் சில இருந்தன. ஒன்றிலும் இலை இல்லை. முன்னால் ஓர் அட்டை: தூங்குது.

இவை என்ன என்று கேட்டேன்.

"வூட்டுக்காரிட மருமகன்மார்," என்றார். "எனக்கு ஃபேன் கூட இல்ல. அவங்களுக்கு ஏசி."

(கடையில் ஸுஹைல் அவர். கதைக்குள் வந்தபின் அவன். தலைவர் ஒருவர் வரப்போகிறார். அவர் மட்டும் கதைக்குள்ளும் அவர்தான். வேறு மாதிரி எழுதினால் தன் மன்றத்தில் பிரேரணை கொண்டுவருவார்.)

2

முதலில் ஹொஸ்டா. குளிர்நாட்டுச் செடி. நிழலில் வளரும். பூவைவிட இலைக்காகவே வளர்க்கிறார்கள்: நீலம் பூத்தது, வெள்ளைக் கரை போட்டது, உள்ளங்கை அளவு, தாம்பாள அளவு. அதற்கு ஒரே ஒரு பிடிவாதம். வருடத்தில் சில வாரங்கள் நல்ல குளிரில், இலையெல்லாம் உதிர்த்துத் தூங்க வேண்டும். தூங்காவிட்டால் அடுத்த முறை சின்னதாக எழும்பும். அதற்கடுத்த முறை இன்னும் சின்னதாக. பிறகு எழும்பாது.*

* பக்கத்து மலை ரிவர்ஸ்டன் குளிருமே என்பீர்கள். குளிரும், கொழும்பிலிருந்து வருகிறவர்கள் காதை மூடிக்கொள்கிற அளவுக்கு. ஹொஸ்டாவுக்கு அது போதாது. ஒரு சட்டியை அங்கே தெரிந்தவர் வீட்டில் விட்டுப் பார்த்ததில், காற்று இலையைக் கிழித்ததுதான் மிச்சம்.

விட்டுப் பார்த்தவள் ஹமீமா, ஸுஹைலின் மனைவி. முதல் பிரதியில் அவளைத் தாவரவியல் ஆசிரியை ஆக்கியிருந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே எனக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டாள். அந்தப் பக்கங்களைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். கடையில் கோழிக்கு மசாலா தடவுகிற ஹமீமாவே போதும். நுவரெலியாப் பூக்காட்சியில் அவள் வாங்கிய முதல் ஹொஸ்டா தேய்ந்து தேய்ந்து செத்துப்போனது. வேறு யாராவது என்றால் அந்தச் சட்டியில் அந்தூரியம் வைத்திருப்பார்கள். ஹமீமா அது ஏன் செத்தது என்று தேடினாள். ஃபோனில் தேடி, புரியாததை மகளிடம் கேட்டு, கடைசியில் அடுத்த செடியைக் கொண்டுபோய்க் கோழிகளுக்கு நடுவே வைத்தாள். குளிர்பெற்ற கிழங்கு சில வாரம் கழித்து வெளியே வந்து ஜம்மென்று துளிர்த்தது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அவளுக்கு வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. எல்லா ஹொஸ்டாவும் தூங்கித்தான் ஆகவேண்டுமா? தூங்கத் தேவையில்லாத ஒன்று பிறக்கவே பிறக்காதா?

பிறக்கவைக்க வழி இருந்தது. ஹொஸ்டாப் பூ ஒரு நாள்தான் நிற்கும். தேனீ வருவதற்கு முன் இதழைப் பிய்த்துவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தொட்டுவைக்க வேண்டும். உஷ்ணத்தைக் கொஞ்சம் தாங்கும் வெள்ளை வாசனைப் பூ ஹொஸ்டா ஒன்றுக்கும், குளிரில் குறைவாகத் தூங்கியும் எழும்பிய இன்னொன்றுக்கும் அவள் இப்படிச் சம்பந்தம் பேசினாள். காய் முற்றி வெடித்தபோது கறுப்பாக இருந்த விதைகளை எடுத்து ஒரு தட்டில் போட்டாள். முளைத்த எதையும் குளிரறைக்குக் காட்டவில்லை. ஒவ்வொன்றாகத் தேய்ந்து போயின. ஒன்று மட்டும் நின்றது. ஒரு தரமும் தூங்காமல், மூன்றாவது வருடத்துக்குள் கால் வைத்தது.

3

இங்கே தலைவர் நுழைகிறார். நான் கூப்பிடவில்லை.

அலங்காரச் செடி வளர்ப்போர் மேம்பாட்டு மன்றத்தின் ஸ்தாபகத் தலைவர், ஆயுட்காலத் தலைவர், நடப்புத் தலைவர் ஆகிய மூவரும் ரிஸ்வி. வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மன்றம் முதலில் மைக் வாங்கியது. பிறகுதான் செடி வாங்கியது.

அவர் ஹமீமாவின் செடியைக் குனிந்து பார்த்தார்.

"கரை ஒண்டும் இல்லியே தங்கச்சி. கீரை மாதிரி ஈக்குது."

அது உண்மை. பார்க்கக் கீரைதான். ஆனால் அது தூங்காமலே நிற்கிறது என்று கேட்டதும், தலைவர் நிமிர்ந்து சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு அதோடு படம் எடுத்துக்கொண்டார். அந்த வாரமே வருடாந்தக் கண்காட்சியின் அழைப்பிதழ் வந்தது: வெப்பவலய ஹொஸ்டா, உலகுக்கு மாத்தளையின் கொடை. செடிக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது: ரிஸ்வி மரகதம். அங்கத்தவர்கள் வற்புறுத்தியதால் சம்மதித்தாராம். அங்கத்தவர்கள் தாங்கள் வற்புறுத்திய செய்தியை அழைப்பிதழில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஹமீமாவுக்கோ, பெயர் யாருடையதாக இருந்தாலும், செடி தூங்காமல் இருந்தால் சரி.

4

இந்தப் பகுதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அடுத்து வந்த இலை சின்னதாக இருந்தது.

ஹமீமா சட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தாள். வெள்ளை வேர், அழுகல் இல்லை. புழு இல்லை. நத்தை ஊர்ந்த தடம் இல்லை. ஒருவேளை சட்டி நெருக்கமோ என்று பெரியதில் மாற்றினாள். அதற்குப் பிறகு வந்த இலை அதைவிடச் சின்னது. சட்டி மாற்றிய கோபமா, தூக்கத்துக்கு ஏங்குகிறதா? இலையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. (எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான். தெரியவில்லை.)

கண்காட்சிக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. தலைவர் செடியைப் பார்த்து முகம் வெளுத்தார். பிறகு கடையின் பின்கதவைச் சாத்திவிட்டு, வங்கியில் கடன் மறுக்கும்போது பேசிய தணிந்த குரலில் சொன்னார்:

"கொஞ்ச நாளைக்கி உள்ள வெச்சி எடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"அதான் பிரச்சினை, ரிஸ்வி நானா," என்றாள் ஹமீமா. "பொறகு யாருக்குமே தெரியாது. எனக்கும் தெரியாது."

தலைவருக்கு இது விளங்கவில்லை. நேர்மையைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து, தானும் நேர்மையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார்.

5

ஸுஹைலுக்கு விளங்கியது. அதனால்தான் அவன் சொன்னதைத் தட்டிவிடுவது கஷ்டமாக இருந்தது.

குளிரறையில் இடம் போகிறது என்று வருடக்கணக்காக முனகியவன், அன்று ஒரு தட்டை முழுதாகக் காலி செய்து துடைத்து வைத்திருந்தான். சொசேஜஸ் எல்லாம் கீழ்த்தட்டில் நெருக்கிக்கொண்டு கிடந்தன.

"செத்துப் போனா அதுட விதையும் இல்ல, கிழங்கும் இல்ல," என்றான். "இந்தத் தரம் காப்பாத்து. பூத்தா விதை எடுக்கலாம். தூங்காம நிக்குதான்னு அந்தக் குட்டிகள்ள பாத்துக்கயேன்."

"காப்பாத்தினா இது குளிரே இல்லாம நிண்டதா, குளிர் வாங்கி நிண்டதான்னு தெரியாதே."

"தெரியாட்டி என்னடி? உசிரோட ஈக்குமே."

அவள் சட்டி மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தாள். ஒரே கிழங்கு, பிரித்து நடுகிற அளவுக்கு இன்னும் பெருக்கவில்லை. பாதியை உள்ளே, பாதியை வெளியே வைக்க வழியில்லை.

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அ. ஸுஹைல் கிழங்கை இஞ்சி என்று நினைத்து இடித்துவிடுகிறான். நீங்கள் மூன்றாம் பகுதியிலிருந்தே இதை எதிர்பார்த்தீர்கள். நடக்காது. அவன் கோழி விற்கிறவன்; இஞ்சி தெரியும்.

ஆ. செடி சாகிறது. தலைவர் பிளாஸ்டிக் ஹொஸ்டாவை மேடையில் வைக்கிறார். பிரதம விருந்தினர் அதைத் தடவி, எவ்வளவு மிருது என்று வியக்கிறார். இதை எழுதும்போது நன்றாகச் சிரித்தேன். வாசித்துப் பார்த்தால் ஹமீமாவைக் காணவில்லை. கிழித்துவிட்டேன்.

இ. செடி தழைக்கிறது. மாத்தளையிலிருந்து நாவுல ஊர்வரை ஒவ்வொரு வீட்டு நிழலிலும்

இதைத்தான் எழுத ஆசை. ஒரு வரி போதும். ஆனால் அந்த வரியை எழுதினால், செடி தன்னால் நிற்கவில்லை, நான் நிறுத்தி வைத்தேன் என்றாகும். ரிஸ்வி குளிர் கொடுக்கச் சொன்னார். நான் வாக்கியம் கொடுக்கிறேன். இரண்டும் ஒன்றுதான். அதன் பிறகு யாருக்கும் தெரியாது.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். காலையில், கடை திறக்குமுன், ஹமீமா சட்டியைத் தூக்கிக்கொண்டு குளிரறைக் கதவருகே போனாள். திறந்தாள். குளிர் முகத்தில் அடித்தது. துடைத்த தட்டு அவளுக்கு முன்னால் இருந்தது. அவள் சட்டியை

இல்லை. வைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பின்பக்கம் ஜம்பு மரத்து நிழலில் கொண்டுபோய் இறக்கினாள். "அந்தத் தட்டுல சொசேஜஸ அடுக்குங்க," என்று உள்ளே சொன்னாள். ஸுஹைல் அடுக்கினான். பிறகு அவனும் வந்து பக்கத்தில் நின்றான்.

கிழங்கின் நுனியில் ஒரு மொட்டு இருக்கிறது. சுருட்டிய காகிதம்போல இறுகியிருக்கிறது. விரிந்தால், அதன் இலை போன இலையைவிடப் பெரியதா, சின்னதா? நான் எழுதப்போவதில்லை. நீங்கள் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் மாத்தளைப் பக்கம் கோழி வாங்கப் போனால் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவளுக்குப் பார்க்க வேண்டும்.