முதல் கோல் யார் போட்டது?

கொய்வுலஹ்தி பனி அரங்கத்தின் முதல் கோல் கௌக்கோ போட்டது என்று ஐம்பது வருஷமாக ஊரே சொல்லி வந்தது. அரங்கத்தை இடிக்கப் போகிறார்கள். அதற்குமுன் அதன் வரலாற்றை எழுத ஹாக்கி கிளப் இர்மெலி என்பவளை அமர்த்தியிருந்தது. அவள் பழைய படச்சுருள் ஒன்றைக் கண்டெடுத்துக் கௌக்கோவை அழைத்தாள்.

“திறப்பு விழா ஆட்டம். கொஞ்சம் பாருங்க.”

ஒன்பதாம் எண் சட்டைக்காரன் அடித்தான். கௌக்கோவின் எண்தான். அடித்த வேகத்தில் தடுப்புப் பலகையில் மோதி விழுந்தான், தலைக்கவசம் கழன்றது. முகம் அதே அணியில் ஆடிய நண்பன் என்சியோவுடையது. விதி மீறியவர்களை வெளியே உட்கார வைக்கும் தண்டனைப் பெஞ்சில், என்சியோவின் பதினான்காம் எண் சட்டையோடு எம்பிக் குதித்தவன் கௌக்கோ.

“சட்டை மாறியிருக்கு. ஏன்?” என்றாள் இர்மெலி.

“அதானே, ஏன்?” என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

மட்டையில் வட்டு பட்ட அதிர்வு இன்றும் அவர் உள்ளங்கையில் இருந்தது. அடிக்காத கைக்கு அது எப்படி வந்தது?

நேராக என்சியோ வீட்டுக்குப் போனார். விஷயத்தைக் கேட்டு என்சியோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எனக்கு மண்டையில அடிபட்டுச்சுடா. எந்திரிச்சுப் பாத்தா, ஒலிபெருக்கியில ஒன்பதாம் நம்பர் கௌக்கோன்னு கத்துறான், எல்லாரும் உன்னைத் தூக்கிட்டுச் சுத்துறாங்க. சரி, நீதான்னு நெனச்சேன்.”

“சத்தியமா நான் ஏமாத்தலடா.”

“தெரியும். உனக்கு அவ்வளவு மூளை ஏது?”

“சட்டை ஏன் மாத்தினோம்?”

“யாருக்குத் தெரியும்!”

“உன் பேரையே போடச் சொல்றேன்.”

“வேணாம்டா. யாராச்சும் கேட்டா என்னத்தச் சொல்றது? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே.”

கௌக்கோ கேட்கவில்லை. புத்தகத்தில் என்சியோவின் பெயர் அச்சானது.

கடைசி ஆட்டத்தன்று என்சியோவைப் பனித்தளத்துக்கு அழைத்தார்கள். அவர் கௌக்கோவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் பழக்கதோஷத்தில் “கௌக்கோ! கௌக்கோ!” என்று ஆர்ப்பரித்தது.

“கோல் விழுந்தது எந்தப் பக்கத்து வலையிலடா?” என்று என்சியோ காதோரம் கேட்டார்.

கௌக்கோ சட்டென்று இடப்பக்கம் கை காட்டினார். காட்டிய பிறகுதான், படத்தில் அது வலப்பக்கமாக இருந்ததோ என்று தோன்றியது.