டிக்கியில் இருந்த காலணி

எங்கள் ஊர் ஹார்ட்வெல்லில் வெர்னாவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். ஸ்டெப்னி என்பார்கள். நவம்பரில் எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்தைப் பனி மூடிவிட்டால் கர்லிங்கை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பில்லை. பனித்தளத்தில் கனத்த கல்லை எதிர்முனையில் வரைந்த வட்டத்தை நோக்கித் தள்ளிவிட்டு, அது போகும் வழியைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிற ஆட்டம். அணிக்கு நாலு பேர். யாருக்காவது காய்ச்சல், யாராவது மகள் பிரசவத்துக்குப் போய்விட்டார்கள் என்றால் வெர்னாவுக்குப் போன் போகும். டிக்கியில் கிடக்கிற டயரை எடுத்து மாட்டுகிற மாதிரிதான். அவளும் சிரித்துக்கொண்டே வருவாள். அவளே சிரிக்கிறாள், அப்புறம் நமக்கென்ன என்று இருந்துவிட்டோம். எவ்வளவு சௌகரியமான நியாயம் பாருங்கள்!

இந்தக் குளிர்காலத்தில் லொரெய்னின் அணி வட்டாரக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. லொரெய்ன்தான் கேப்டன். அணியின் டார்லீன் சீசன் நடுவில் வெயில் காய மெக்சிகோவுக்குப் போய்விட, அவள் இடத்தில் வெர்னா ஆடினாள். அரையிறுதியில் பாதி வழியிலேயே நின்றிருக்க வேண்டிய கடைசிக் கல்லை, உயிரைக் கொடுத்துத் தேய்த்து வட்டத்துக்குள் கொண்டுவந்தவள் அவள்தான். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் டார்லீன் தோல் உரிந்த மூக்கோடு ஊர் திரும்பினாள். லொரெய்ன் போன் போட்டாள்.

“டார்லீன் வந்துட்டா ஸ்டெப்னி. நாளைக்கு நீ ரெஸ்ட் எடு.”

“சரி” என்றாள் வெர்னா. ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட லொரெய்னுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை நால்வரும் லொரெய்னின் வேனில் கிளம்பினார்கள். பாதி வழியில், ஆளரவமில்லாத நெடுஞ்சாலையில், பின் டயர் போனது. முட்டிமோதி அதைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை இறக்கினால், அதுவும் சப்பிக் கிடந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆட்டம். நேரத்துக்குப் போகாவிட்டால் ஆடாமலே தோல்வி.

பின்னால் ஒரு பழைய கார் வந்து நின்றது. வெர்னா இறங்கினாள்.

“சும்மா, ஆட்டம் பாக்கத்தான் போறேன்” என்றாள். யாரும் கேட்கவில்லை. டயரைப் பார்த்துவிட்டு, “பம்ப் வச்சிருக்கேன், இருங்க” என்று டிக்கியைத் திறந்தாள்.

பம்ப் அடியில் இருந்தது. அதன்மேல் துடைப்பம், மடித்து வைத்த அணியின் சிவப்புச் சட்டை, அடிப்பாகம் துடைத்துப் பளிச்சென்று இருந்த கர்லிங் காலணி.

“இத கொஞ்சம் புடி” என்று காலணியை லொரெய்ன் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். “இல்ல... யாருக்காச்சும் கால் சுளுக்கிச்சுன்னா... அதான்” என்று தரையைப் பார்த்தாள்.

அந்தக் குளிரிலும் லொரெய்னுக்கு முகம் எரிந்தது. ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் போல வெர்னா நிற்கிறாள், தலைகுனிய வேண்டியவள் தான்தானே என்று நினைத்தாள்.

வேனுக்குள்ளிருந்து டார்லீன் கத்தினாள். “வண்டி வாங்கி இத்தன வருஷத்துல ஒரு தடவகூட அதுக்குக் காத்து பாக்கலையாடி?”

“ஸ்டெப்னிக்கு எவடி காத்து பாத்துக்கிட்டு இருப்பா?” என்று லொரெய்ன் வெடுக்கென்று சொன்னாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பனியில் மண்டியிட்டிருந்த வெர்னா நிமிரவில்லை. காற்றடைத்த டயரை மாட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

இன்றைக்கு நீ ஆடு என்று சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது. டார்லீன் என்ன நினைப்பாளோ, அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று லொரெய்ன் தள்ளிப் போட்டாள். அங்கே போயும் சொல்லவில்லை.

ஆட்டம் தொடங்கும் நேரத்தில் எதிரணிக் கேப்டன் ஹெய்டி வேகமாக வந்தாள். அவளோடு வெர்னாவும் வந்தாள்.

“எங்காளு ஒருத்தி வாந்தியெடுத்துப் படுத்துட்டா. அரையிறுதியில இவங்க தேய்ச்சதப் பாத்தேன், அதான் ஆடுறீங்களான்னு கேட்டேன். லொரெய்னைக் கேளுங்கன்னுட்டாங்க. மொறைப்படி உங்க சம்மதமும் வேணும். உங்க டீம் ஆளுன்னா எங்களுக்கு ஆட முடியாது. இவங்க உங்க ஆளா?”

டார்லீன் லொரெய்னின் முழங்கையைக் கிள்ளினாள். “ஆமான்னு சொல்லுடி. மூணு பேரா ஆடட்டும், கப்பு நமக்குத்தான்.”

வெர்னா லொரெய்னையே பார்த்தாள். சிரிப்பில்லாத அந்த முகத்தை லொரெய்ன் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். எங்க ஆள் என்று ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது சொன்னால் அது அவளை வெளியே உட்கார வைக்கத்தான். நினைக்கவே கேவலமாக இருந்தது.

“இல்ல” என்றாள். “எங்க ஆள் இல்ல. நாங்க சேத்துக்கவே இல்ல. தாராளமா ஆடட்டும்.”

“ஏய்!” என்றாள் டார்லீன்.

வெர்னா காருக்குப் போனாள். திரும்பி வந்தபோது காலில் அந்தக் காலணி, உடம்பில் ஹெய்டி அணியின் நீலச் சட்டை. முதல் கல் போவதற்கு முன் எதிரணியில் ஒவ்வொருவருக்கும் கைகொடுக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். வெர்னா வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து லொரெய்ன் முன்னால் நின்றாள்.

“நல்லா ஆடு, லொரெய்ன்.”

பதிலுக்கு அவள் பெயரைச் சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷமாகச் சொல்லாத பெயர், சட்டென்று வாயில் வரவில்லை. வெர்னா காத்திருந்தாள். காலையில் பனியில் டயரைப் பிடித்திருந்த அந்தக் கை இன்னும் சில்லென்றே இருந்தது.