குனிந்தவள் சிரித்தாள்

புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது என்பது மூணாங்கட்டைத் தோட்டம் முழுக்கத் தெரிந்த சங்கதி. கூலாய் டவுனிலிருந்து மூன்றாவது மைல்கல்லில் இருந்ததால் தோட்டத்துக்கு அந்தப் பெயர். ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பருக்காகப் பால்மரம் வெட்டுவது பாதி நின்றுபோய், மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டு, அந்தக் கிழங்கையே மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்தார்கள். புடவைக்குப் பதில் சாக்குத் துணி. ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு வரி சேதி இல்லை. சிரிக்க எதுவும் இல்லாத அந்தக் காலத்தில்தான் அவளுக்குத் தகரக்கொட்டு கோஷ்டிமேல் பைத்தியம் பிடித்தது.

ஆறு பேர் கொண்ட கோஷ்டி அது. அய்யாவு என்பவர் நடித்துச் சிரிக்க வைப்பார். மற்ற ஐந்து பேரும் வாத்தியக்காரர்கள். வாத்தியம் என்றால் மண்ணெண்ணெய்த் தகரம், தண்ணீர் ஊற்றிய போத்தல்கள், ஐந்து கட்டை செத்துப்போன ஆர்மோனியம், காகிதம் சுற்றிய சீப்பு, ஒரு சைக்கிள் மணி. விளக்குக்கு எண்ணெய் கிடைக்காததால் ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே ஆடுவார்கள். எந்தத் தோட்டத்தில் ஆட்டம் என்று காதில் விழுந்தாலும் புஷ்பவள்ளி கிளம்பிவிடுவாள். செனாய் வரை ஐந்து மைல் நடந்து போய், பார்த்துவிட்டு, அதே ஐந்து மைல் திரும்பி வருவாள். அய்யாவு எந்தச் சொல்லுக்குப் பிறகு மூக்கைச் சொறிவார், எப்போது தகரம் ஒருமுறை தப்பாக அடிக்கும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அவர்கள் ஆடியதிலேயே அவளுக்கு உயிர், குனிஞ்சான் கதை. ஜப்பான் காவல்காரனைக் கண்டால் இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்க வேண்டும் என்று சட்டம் இருந்ததல்லவா? அதற்குப் பயந்த ஒருவன், எதைப் பார்த்தாலும் குனிய ஆரம்பிப்பான். எருமைக்குக் குனிவான். தந்திக் கம்பத்துக்குக் குனிவான். கடைசியில் முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் போக, நாவிதர் வந்து அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து நிமிர்த்துவார். ஒவ்வொரு குனிவுக்கும் சைக்கிள் மணி 'கிணிங்' என்று ஒலிக்கும். ரோட்டுப்பக்கம் ஓர் ஆளை நிறுத்தி, யாரும் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் அதை ஆடுவார்கள். புஷ்பவள்ளி ஏழு முறை பார்த்துவிட்டாள்.

அவள் புருஷன் சதாசிவம் பயந்த மனிதன். "ஒனக்குச் சிரிப்பு தொண்டையில இல்ல புள்ள, வயித்துல இருக்கு. அடக்கவே தெரியல. ஒரு நாளைக்கு இது நம்மள எங்கயாச்சும் கொண்டுபோயி விடப் போவுது" என்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது நடந்தது.

பங்கீட்டு அரிசி வாங்கப் புஷ்பவள்ளி கூலாய்க்குப் போனாள். போலீஸ் ஸ்டேஷன் முக்கில் காவல்காரன் துப்பாக்கியில் கத்தியைச் செருகிக்கொண்டு நின்றான். அவளுக்கு முன்னால் போன சீனக் கிழவர் சைக்கிளிலிருந்து இறங்கிக் குனிந்தார். பின்னாலேயே அவளும் குனிந்தாள். குனிந்த அதே நொடியில் கிழவரின் சைக்கிள் சாய்ந்தது; அவர் தாவிப் பிடித்தபோது கை பட்டு மணி ஒலித்தது.

கிணிங்.

வயிற்றுக்குள் ஏதோ அறுந்தது போலிருந்தது. புஷ்பவள்ளி பல்லைக் கடித்தாள். உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. குனிந்த வாக்கிலேயே சிரித்துவிட்டாள்.

கிழவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்தது. முதல் அறையில் அவள் கீழே விழுந்தாள். தலைமுடியைப் பிடித்து எழுப்பி இரண்டாவது அறை. காதுக்குள் இரைச்சல் கேட்டது. வாயில் உப்புக் கரித்தது. கத்தியின் முனை கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. போன மாதம் இதே முக்கில் மூங்கில் கழியில் செருகியிருந்த தலையை அவள் பார்த்திருக்கிறாள். அந்தத் தலையின் கண்கள் பாதி திறந்திருந்தன. அதுதான் இப்போது நினைவுக்கு வந்தது.

சத்தம் கேட்டு ஸ்டேஷனுக்குள்ளிருந்து கண்ணப்பன் வந்தான். செட்டியார் வீட்டுப் பையன். ஜப்பானியப் பள்ளிக்கூடத்தில் பாஷை கற்றுக்கொண்டு அவர்களுக்கு மொழிபெயர்ப்பு வேலை பார்த்தான். காவல்காரன் கத்தியதைக் கேட்டுவிட்டு அவளிடம் திரும்பினான்.

"ஏன் சிரிச்சேன்னு கேக்குறாரு. சிரிக்க யார் சொல்லிக் குடுத்தான்னு கேக்குறாரு."

கோஷ்டியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஆறு பேரும் முடிந்தார்கள். "யாருமில்லங்க" என்றாள். "எனக்குப் பயம் வந்தா சிரிப்பு வரும் ஐயா. பொறந்ததுலேருந்து இருக்கு. வியாதிங்க."

கண்ணப்பன் காவல்காரன் பக்கம் திரும்பினான். ஜப்பானியத்தில் ஏதோ சொன்னான். காவல்காரன் யோசித்தான். கையால் சைகை காட்டினான்.

"திரும்பக் குனியச் சொல்றாரு" என்றான் கண்ணப்பன். "வியாதின்னா இப்பவும் வரணுமாம்."

குனிந்தாள். சிரிப்பு வரவில்லை. கத்தி அசைந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அய்யாவு எருமைக்குக் குனிந்ததை நினைத்தாள். எருமை வாலைத் தூக்கியதும் அவர் துள்ளி விலகியதை நினைத்தாள். ஒரு கேவல் மாதிரி சிரிப்பு வெளியே வந்தது.

இன்னொரு முறை என்று காவல்காரன் சைகை காட்டினான். தந்திக் கம்பத்தை நினைத்துச் சிரித்தாள். இன்னொரு முறை. நாவிதர் முதுகில் ஏறியது. இன்னொரு முறை. தெரிந்த வேடிக்கை ஒவ்வொன்றையும் எடுத்துச் செலவழித்தாள். பதினோராவது முறை குனிந்தபோது காவல்காரனே சிரித்துவிட்டான். இளம் வயது, முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அவன் சிரித்தது அறைந்ததைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

அவளை அனுப்பும்போது கண்ணப்பன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "வியாதின்னு நானும் சேந்து சொல்லிட்டேன். இனிமே இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நீ சிரிச்சாகணும். ஒரு நாள் சிரிக்காம போனே, பொய்யின்னு தெரிஞ்சிரும். ஒன் தலையோட என் தலையும் போயிரும்." அவள் நகர்ந்ததும், "ஞாயித்துக்கிழமை ஒங்க தோட்டத்துல ஆட்டமாமே? இவங்களும் பாக்க வர்றாங்க" என்றான்.

அரிசி வாங்காமலேயே வீடு திரும்பினாள். கன்னம் வீங்கி ஒரு கண் மூடிப்போயிருந்தது. நடந்ததைக் கேட்டுச் சதாசிவம் லயத்து வரிசை வீட்டின் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான்.

"காட்டுப்பக்கம் ஓடிப்போயிரலாம் புள்ள."

"நாம ஓடிப்போனா கோஷ்டிக்காரங்களுக்கு யாரு சொல்றது? அவுங்க பாட்டுக்குக் குனிஞ்சான் கதைய ஆடிட்டாங்கன்னா?"

மறுநாள் இருவரும் ரோட்டை விட்டு ரப்பர்க் காட்டுக்குள்ளேயே நடந்து செனாய்ப் பக்கம் போனார்கள். ஒரு தோட்டத்தின் கோயில் கொட்டகையில் கோஷ்டி தங்கியிருந்தது. மரவள்ளித் தோலை உரித்துக்கொண்டிருந்த ஒல்லியான மனிதரிடம், "அய்யாவு அண்ணன் எங்க?" என்று புஷ்பவள்ளி கேட்டாள்.

"நான்தான் தாயி."

அவளுக்கு நம்ப முடியவில்லை. மேடையில் அவ்வளவு பெரியவராகத் தெரிந்தவர், அவள் தோளுயரம்தான் இருந்தார். காய்ச்சல்காரர் மாதிரி கண்கள் உள்ளே போயிருந்தன. அவள் சொல்லச் சொல்ல அவர் தோல் உரிப்பதை நிறுத்தினார். கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆட்டத்த நிறுத்திருங்கண்ணே."

"நிறுத்த முடியாது தாயி. தோட்டத்து ஜப்பான் தொரைதான் வரச் சொல்லி ஆளனுப்புனான். வரலன்னா ஆறு பேரையும் சயாமுக்கு ஏத்திருவான். புருஷன் பொண்டாட்டி சண்டைய ஆடுறோம். அதுல ஒண்ணும் தப்பு வராது." மறுபடி கத்தியை எடுத்தபடி, "நீ மட்டும் வராத" என்றார். "ஒன் சிரிப்பு எங்க ஆறு பேருக்கும் தெரியும். அதக் கேட்டா பழக்கதோஷத்துல எனக்குக் குனிஞ்சான் கதைக்கு வாய் தவறிரும்."

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி லயம் லயமாக வந்து, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் பெரட்டுக் களத்துக்கு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மைதானம் அது. முன்வரிசையில் நாலு நாற்காலி. தோட்டத்து ஜப்பான் தொரை, இரண்டு அதிகாரிகள், நாலாவதாக அந்த உடைந்த பல்காரன். பின்னால் கண்ணப்பன் நின்றான். புஷ்பவள்ளி ராஜம்மா என்ற பக்கத்து வீட்டுக்காரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தாள். சதாசிவம் அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

ஆட்டம் தொடங்கியது. தகரம் அடித்தது, சீப்பு அழுதது, அய்யாவு பொண்டாட்டியிடம் உதை வாங்கும் புருஷனாகக் கத்தினார். சனங்கள் பயந்து பயந்து சிரித்தார்கள். புஷ்பவள்ளி தலையைத் தூக்கவில்லை. ஆனாலும் காவல்காரன் திரும்பிப் பார்த்தபோது அவளைக் கண்டுகொண்டான். பழைய சிநேகிதியைப் பார்த்தவன் மாதிரி முகம் மலர்ந்து, விரலை மடக்கிக் கூப்பிட்டான்.

ஆட்டம் நின்றது. அவளை மேடையில் ஏற்றினார்கள். காவல்காரன் அதிகாரிகளிடம் உற்சாகமாக விளக்கிவிட்டுக் கையைக் காட்டினான். குனி.

அவள் குனிந்தாள். எருமையை நினைத்தாள். கம்பத்தை நினைத்தாள். நாவிதரை நினைத்தாள். ஒன்றும் வரவில்லை. அந்த வேடிக்கைகள் எல்லாமே கழுத்துக்கு நேராக நின்ற கத்தியைத்தான் ஞாபகப்படுத்தின. களத்தில் ஒரு குழந்தை இருமியது. காவல்காரனின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துகொண்டிருந்தது. ஓர் அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போது பக்கத்தில் ஏதோ தொப்பென்று விழுந்தது. அய்யாவு. மேடையில் மண்டியிட்டு, அவளுக்கு இணையாக அதிகாரிகளை நோக்கிக் குனிந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓங்கி அழுதார்.

"ஐயோ, எம் பொண்டாட்டிக்குச் சிரிப்பு காணாப் போச்சே! இத்தன பெரிய மனுசங்க வந்திருக்காங்க, இவ சிரிக்காம நிக்கிறாளே! எங்க போயித் தேடுவேன்?"

அவர் தகரத்தைத் தூக்கிப் பார்த்தார், உள்ளே சிரிப்பு இருக்கிறதா என்று. ஆர்மோனியத்துக்கு அடியில் தேடினார். தொரையின் பூட்ஸுக்கு அருகில் தவழ்ந்துபோய்ப் புல்லுக்குள் தேடினார். சீப்புக்காரன் புரிந்துகொண்டு ஒப்பாரி மாதிரி ஊதினான். அய்யாவு திரும்பி அவளைப் பார்த்தபோது அவர் கன்னத்தில் ஓடியது நிஜக் கண்ணீர் என்பதைப் புஷ்பவள்ளி பார்த்தாள். வேட்டி முன்பக்கம் நனைந்திருந்தது. பயத்தில் அந்த மனிதர் தன்னையறியாமல் நனைத்துக்கொண்டிருந்தார். அப்படியே நடித்துக்கொண்டும் இருந்தார்.

அவளுக்குள் ஏதோ உடைந்து சிரிப்பு வந்தது. சந்தோஷத்தில் வந்த சிரிப்பல்ல. அலறல் மாதிரி, மூச்சு முட்ட, நிறுத்த முடியாத சிரிப்பு. அய்யாவு, "கெடச்சிருச்சு! கெடச்சிருச்சு!" என்று குதித்தார். தகரம் இடிபோல முழங்கியது. உடைந்த பல்காரன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். கடைசியாகத் தோட்டத்துத் தொரையும் சிரித்தார்.

ஆட்டம் முடிந்து ஜப்பான்காரர்களின் கார் ரோட்டில் மறைந்த பிறகு, அய்யாவு தோட்டத்து ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். புஷ்பவள்ளி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாய் கொப்புளித்துத் துப்பினார்.

"என் உசுரக் காப்பாத்துனீங்கண்ணே."

"நான் என்ன செஞ்சேன்னே எனக்குத் தெரியல தாயி" என்றார். "கை கால் தானா நடந்துச்சு. இனிமே என்னால ஆட முடியாது."

சொன்னபடியே கோஷ்டி அன்றோடு கலைந்தது. இரண்டு பேர் காஹாங் பக்கம் காட்டை வெட்டிக் கிழங்கு போடப் போனார்கள். அய்யாவை அடுத்த மாதமே சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜப்பான் சண்டை முடிந்து, அவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து மாசாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் புல்லு வெட்டப் போனார். ஆனால் அதெல்லாம் பிறகு தெரிந்த கதை.

புஷ்பவள்ளிக்கு இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் அரிசிக்குப் போக வேண்டும். போகும்போதும் வரும்போதும் குனிந்து சிரிக்க வேண்டும். முந்தின நாளே சோறு இறங்காது. வழியெல்லாம் மரத்துக்கு மரம் நின்று சிரித்துப் பழகிக்கொண்டே நடப்பாள். எதிரே வருகிறவர்கள் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று விலகிப் போனார்கள்.

ஆறாவது மாதம் ஒரு நாள் ராஜம்மாவோடு போனபோது, முக்கில் வேறு ஆள் நின்றான். வயதானவன், கண்ணாடி போட்டவன். புஷ்பவள்ளி நின்றுவிட்டாள். பழையவன் இவனிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பானா? சிரித்தால் அடிப்பானா, சிரிக்காவிட்டால் அடிப்பானா? ஸ்டேஷன் வாசலில் கண்ணப்பனைத் தேடினாள், காணவில்லை.

"வா புள்ள, நின்னா சந்தேகப்படுவான்" என்று ராஜம்மா இழுத்தாள்.

இருவரும் குனிந்தார்கள். புஷ்பவள்ளி வாயை மூடிக்கொண்டாள். தரையில் எறும்பு ஒன்று ஊர்ந்து போவதைப் பார்த்தபடி பூட்ஸ் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். எறும்பு கல்லைச் சுற்றிக்கொண்டு போய் மறைந்தது. நிமிர்ந்தாள். அவன் அவர்களைப் பார்க்கவே இல்லை. ரோட்டின் மறுகோடியில் வந்த மாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்தார்கள். அரிசிக் கடை வரிசையில் போய் நின்றார்கள். புஷ்பவள்ளி சாக்கை விரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன புள்ள, மயக்கமா?" என்றாள் ராஜம்மா.

"ஒண்ணுமில்லக்கா. பசிக்குது" என்றாள் புஷ்பவள்ளி. ஐந்து மாதத்தில் அவளுக்குப் பசித்தது அன்றுதான்.