தங்கையின் நிறம்

தங்கைக்குக் கல்யாணம் என்று வேறு யாரோ சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்தது. இருவரும் பேசி ஆறு வருடமாகிறது. பரிசு வாங்க ஒப்பனைக் கடைக்குப் போனாள்.

"ரொம்ப வெளுப்பா இருப்பா," என்றாள்.

"அப்போ வெயில் பட்ட நிறம் தர்ற பிரான்சர் பவுடர் கொஞ்சம் கூடினாலும் சேறு பூசின மாதிரி ஆயிடும்மா. கன்னத்துக்கு ப்ளஷ் இளம் ரோஸ்ல, முகத்துல நிழல் காட்டற கான்டூர் சாம்பல் கலந்ததா எடுங்க," என்ற விற்பனைப் பெண், "வெயில்ல அலையற வேலையா அவங்களுக்கு? இப்போ நிறம் மாறியிருக்குமா?" என்று கேட்டாள்.

அக்காவுக்குத் தெரியவில்லை. வாசலுக்கு வந்து, இத்தனை நாள் அழிக்காமல் வைத்திருந்த தங்கையின் கைபேசி எண்ணை அழைத்தாள்.

"நீ இன்னும் வெளுப்பாத்தான் இருக்கியாடி?"

"வந்து பாரேன்க்கா," என்றாள் தங்கை, உடைந்த குரலில்.

அக்கா கடைக்குள் ஓடினாள். "எடுத்து வைங்க. அவளையே கூட்டிட்டு வர்றேன்."