இடது பையில் இரண்டு கிலோ

காவல் நிலையத்திலிருந்து மூன்றாம் நாள் காலை திரும்பி வந்த, கடலுக்குள் முக்குளிப்பவர்கள் மாட்டும் காற்றுச்சட்டையை நன்னீர்த் தொட்டியில் முக்கியபோது அதன் இடது பை கனத்தது. வழிகாட்டி கையை உள்ளே விடவில்லை. அதற்குள் இருப்பது சோப்புக்கட்டி அளவில் ஓர் ஈயக்கட்டி, இரண்டு கிலோ. போட்டவன் அவன்தான். காவலர்கள் தங்கள் பட்டியலில் 'ஈயக்கட்டி ஒன்று' என்று ஒழுங்காகக் குறித்திருந்தார்கள். அது அங்கே இருந்திருக்கக் கூடாது என்று கடலுக்குள் போகாதவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

அந்தச் சட்டையைப் போட்டிருந்த அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பறையில் வேலை. நீச்சல் கற்றதே இரண்டு வருடம் முன்புதான். முக்குளிப்புப் பயிற்சியின் முதல் நாளிலிருந்து அவளுக்கு ஒரே குறை. சிலிண்டரில் காற்று குறையக் குறைய உடம்பு லேசாகிவிடும். மேலேறும் முன் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில், அவள் பலூன் மாதிரி மேலே போய்விடுவாள். படகில் எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர் எனக்குக் கால் தரையிலயே நிக்காதும்பார். தண்ணியிலயும் நிக்கலையே தம்பி" என்றாள். ஆனால் நான்காம் நாள், ஈயம் கோத்த இடுப்புப் பட்டையில் இன்னொரு கட்டி சேர்க்கலாமா என்று அவன் கேட்டபோது அவள் முகம் சுருங்கிவிட்டது. மற்றவர்களைப் போல நாலு கிலோவிலேயே நின்று காட்டுகிறேன் என்றாள். அவன் சரி என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிவிடும்போது அவளுக்குத் தெரியாமல் இடது பையில் கட்டியைப் போட்டுப் பையை மூடினான். இன்றைக்கு நின்றுவிட்டேன் என்ற சந்தோஷத்தோடு அவள் படகேறட்டும், சாயங்காலம் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். படகு கிளம்பும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கும்பிடுவது அவன் வழக்கம். அன்றும் கும்பிட்டான்.

பாறைச் சுவரின் முனையைத் திரும்பியதும் நீரோட்டம் கீழே விழுந்தது. அவன் விட்ட மூச்சின் குமிழிகள் மேலே போகாமல் காலுக்கு அடியில் இறங்கின. பாறையைப் பிடித்துக்கொள்ளும்படி சைகை காட்டினான். கூட இறங்கிய மற்ற இருவரும் பிடித்துக்கொண்டார்கள். அவள் பிடித்த கல் பெயர்ந்தது. அதன் பிறகு அவள் செய்ததெல்லாம் அவன் சொல்லிக்கொடுத்த வரிசைதான். நேரே மேல்நோக்கி அடித்துக்கொள்ளவில்லை, சுவரைவிட்டு விலகிப் பக்கவாட்டில் நீந்தினாள். சட்டையில் காற்றை நிரப்பினாள். ஆழம் கூடக் கூட அந்தக் காற்று சுருங்கிக்கொண்டே போயிற்று. கடைசி வழியாக இடுப்புப் பட்டையைக் கழற்றி, காலில் சிக்காதபடி கையை நீட்டி நழுவ விட்டாள். பாடப் புத்தகத்தில் வரைந்து வைக்கலாம் போல. அப்படியும் இறங்கினாள். அவன் நாற்பது மீட்டர் வரை பின்தொடர்ந்தான். அவள் கைகள் பட்டை இருந்த இடத்தைத் தடவி, கழற்ற இன்னும் ஏதாவது மீதி இருக்கிறதா என்று தேடுவதைப் பார்த்தான். பையில் தேட அவளுக்குக் காரணமே இல்லை. மேலே இரண்டு பேர் அவனை நம்பிப் பாறையில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பினான். அன்று மாலை, ஓட்டம் அடங்கிய பிறகு, பாறையின் அடித்திட்டில் அவளைக் கண்டெடுத்தார்கள். சிலிண்டரில் காற்று இல்லை.

முக்குளிப்புக் கடையின் முதலாளியம்மாவிடம் மட்டும் அவன் சொல்லியிருந்தான். அவனை நெட்டை என்று கூப்பிடுகிற அவள் கெட்டவள் அல்ல. அந்த அக்காவுக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதவள். "தண்ணி இழுத்துடுச்சுன்னு எழுதியாச்சு, நெட்டை. நீ சொன்னா அவங்க எழுந்து வரப்போறாங்களா? இங்க பன்னெண்டு குடும்பம் சாப்பிடுது. உன் பொண்டாட்டியை நெனச்சுப் பாரு" என்றாள். அவன் நினைத்துப் பார்த்தான். மூன்று நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

பதினோரு மணிக்கு அந்த அக்காவின் கணவர் வந்தார். பேருந்து ஓட்டுநர். கொடுத்த நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார். யாரையும் குறை சொல்ல வரவில்லை என்றார். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாராம். எதிரே ஒரு லாரி வந்தால் போதும், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொள்வாளாம். திட்டித் திட்டி அதை நிறுத்திவிட்டாராம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தம்பி. பதறிட்டாளா? அப்படித்தான் ஏதாவது பண்ணியிருப்பா. போகாதடின்னு சொன்னேன்."

அந்தக் குரலில் துக்கத்தைவிடக் கோபம் அதிகம் இருந்தது. இனி இருக்கும் காலமெல்லாம் இந்த மனிதர் செத்துப்போனவளைத் திட்டிக்கொண்டேதான் இருப்பார் என்று வழிகாட்டிக்குத் தோன்றியது. மேசைக்குப் பின்னாலிருந்து முதலாளியம்மா அவனையே பார்த்தாள். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும்.

"இல்லண்ணா" என்றான். "அவங்க ஒரு தப்பும் பண்ணல. இருபது வருஷமா இறங்கற நானே அவ்வளவு நிதானமா செஞ்சிருக்க மாட்டேன். தப்பு என்னுது."

பிறகு பையைப் பற்றிச் சொன்னான். நல்லது என்று நினைத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை, அதைச் சொல்லும் தகுதி இல்லை என்று விட்டுவிட்டான். முதலாளியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஓட்டுநர்தான் கேட்டார்.

"அது இல்லைன்னா வந்திருப்பாளா?"

"தெரியலண்ணா."

"கையால தேடினாளா?"

"தேடினாங்க."

அவர் எழுந்து வெளியே போனார். படகுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவதற்காக வாசலில் ஒரு பலகை இருந்தது. நீல வார் வைத்த ஒரு ஜோடி மூன்று நாளாக அதில் எடுப்பாரில்லாமல் கிடந்தது. அவர் தம் செருப்பைத் தேடிக் குனிந்தவர், அப்படியே நின்றார். நீலச் செருப்பை எடுத்தார். இரண்டையும் ஒன்றோடொன்று மெல்லத் தட்டினார். மணல் கொட்டியது. இன்னொரு முறை தட்டினார். பிறகு அவற்றைக் கையில் பிடித்தபடி, தம்முடையதை மாட்டாமலே தெருவில் இறங்கினார். உச்சி வெயிலில் தார் இளகிக் கிடந்தது.

வழிகாட்டி பலகையில் மீதியிருந்த அந்தப் பெரிய செருப்புகளை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான். அவனும் வெறுங்காலோடுதான் இருந்தான். பத்தடி முன்னால் அவர், குதிகால் சுடச் சுட, நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்.